படுக்கையறையைக் கொடுத்துவிட்டோம்

ஹராரேயின் கிழக்கே, மப்வுக்குவில்
எங்கள் வாடகை வீட்டுக்கு இரண்டே அறைகள்.
ஒன்றைக் காளானுக்குக் கொடுத்துவிட்டோம்.

கட்டிலைக் கழற்றும்போது ஃபராய் பேசவில்லை.
திருகாணிகளை எண்ணித்
தீப்பெட்டிக்குள் போட்டான். எட்டு.
"திரும்பத் தேவைப்படும்" என்று மட்டும் சொன்னான்.
அன்றிலிருந்து அடுப்பங்கரையில் மூன்று பேர்
பக்கவாட்டில்தான் தூங்குகிறோம்.
ஒருவர் புரண்டால் மூவரும் புரளவேண்டும்.

ஜன்னலுக்குக் கறுப்புப் பிளாஸ்டிக்.
கதவிடுக்கில் ஈரச் சாக்கு.
குழாயில் தண்ணீர் வந்து நாலு மாதம்;
ஆழ்குழாய் வரிசையில் விடிவதற்குமுன் நின்று
நாலு வாளி கொண்டுவருவேன்.
மூன்று அதற்கு.
ஒன்று எங்களுக்கு.

கோதுமை வைக்கோலை எண்ணெய் டிரம்மில் வேகவைத்தேன்.
தெருவெல்லாம் மாட்டின் மூச்சு வாசம்.
மாய் ருத்தெண்டோ வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.
என் கையில் வித்துப் பொட்டலம்,
வெள்ளை படர்ந்த கோதுமை மணிகள்.
"பூசணம் பிடித்ததைக் காசு கொடுத்தா வாங்கினாய்?"
ஆமாம் என்றேன்.
வேறென்ன சொல்ல, வாங்கியது பூசணத்தைத்தானே.

பத்தொன்பது பைகள் கூரைக் கழியில் தொங்கின.
பெயர் வைக்கலாமா என்றாள் சேனாய்.
விற்கப்போவதற்குப் பெயர் கூடாது என்றேன்.
எண் எழுதினாள்.
பதினொன்றாம் பைக்கு மட்டும்
ஏதோ ரகசியமாகச் சொல்லிவிட்டு வருவாள்.

இரண்டாம் வாரம் ஏழு பைகளில் பச்சை.
சட்ஸா கிளறிய கையோடு
அவசரத்தில் போய்த் தொட்டிருப்பேன்.
இருட்டில் அவற்றைத் தூக்கிப்போய்
பின்பக்கம் குழிவெட்டிப் புதைத்தான் ஃபராய்.
யாரும் என்னைக் குறை சொல்லவில்லை.
அதுதான் தாங்கவில்லை.

இருபத்து மூன்றாம் நாள்
பிளாஸ்டிக் கீறலில் குண்டூசித் தலைகள்.
காலையில் கட்டைவிரல்,
மறுநாள் மாலையில் காது.
சுவருக்கும் காதுண்டு என்பார்கள்,
எங்கள் வீட்டில் பைக்குப் பைக் காது.
கடனைப் பற்றிப் பேசவேண்டியிருந்தால்
வாசலுக்குப் போய்ப் பேசினோம்.

முதல் அறுவடை நாலரை கிலோ.
ஹோட்டல் சமையல்காரர் செவ்வாய்க்கிழமைதான் எடுப்பாராம்.
காளானுக்குக் கிழமை தெரியுமா?
அன்று வெள்ளி.

மாய் ருத்தெண்டோ தொடவில்லை.
"மழை பெய்யாமல் முளைத்ததை
எங்கள் வீட்டில் சாப்பிடமாட்டோம்."
அக்டோபர் வெயில், வானத்தில் ஒரு திட்டு மேகமில்லை,
அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.
எனவே வெங்காயத்தோடு வதக்கி
வேலியோரம் உட்கார்ந்து,
அவர்கள் பார்க்கப் பார்க்க
ஒரு தட்டு முழுவதும் தின்றேன்.

இரவெல்லாம் தெரு காத்திருந்தது.
நானும்தான்.

காலையில் முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தேன்,
வழக்கத்தைவிடச் சத்தமாக.
வேலிக்கு மேலே ஒரு கிண்ணம் நீண்டது.
பிறகு இன்னொன்று.
பத்து மணிக்குள் மூன்று கிலோ போனது.
சில்லறை இல்லாததால் சிலர் தக்காளி தந்தார்கள்,
ஒருத்தி சோப்புக்கட்டியில் பாதி.
மாய் ருத்தெண்டோ கொடுத்தது நடுவே கிழிந்த ஒரு டாலர்.
வேன் நடத்துனர் அதை வாங்கமாட்டார்,
கடைக்காரர் வாங்கமாட்டார்.
நான் வாங்கிக்கொண்டேன்.
சட்ஸா பசையால் ஒட்டி
மாவு டப்பாவின் அடியில் வைத்திருக்கிறேன்.

வீட்டுக்காரர் வந்தார்,
சுவரின் ஈரத்தைத் தடவிப் பார்த்தார்,
வாடகையில் பத்து டாலர் ஏற்றினார்.
போகும்போது
அரை கிலோ கேட்டு வாங்கிப்போனார்.
காசு இன்னும் தரவில்லை.

இன்று சாக்கை நனைக்கப் போனபோது
ஜன்னல் மேட்டில் தீப்பெட்டி.
சும்மா ஆட்டிப் பார்த்தேன்.
சத்தம் குறைவு.
திறந்தால் நாலு திருகாணிகள்.
மேலே பார்த்தேன்.
பழைய கட்டிலின் தலைமாட்டுப் பலகை
சுவரோடு தட்டாகிப்
புதிய பைகளைத் தாங்கிக்கொண்டிருந்தது.

அவன் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
பெட்டியை மூடி
இருந்த இடத்திலேயே வைத்தேன்.